1965, 66 மஸ்டாங் கன்வர்ட்டிபிள்: அறிகுறியைப் பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

பழைய அமெரிக்க கன்வர்ட்டிபிள் (கூரையை, அதாவது டாப்பை, மடக்கிவிடக்கூடிய கார்) ஒன்றை வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்கும், வாங்கி ஷெட்டில் நிறுத்திவிட்டுத் தலையைச் சொறிந்துகொண்டிருப்பவர்களுக்கும் இது. எல்லா வண்டிக்கும் பொதுவாக எழுதினால் ஒருவருக்கும் உதவாது. அதனால் ஒரே வண்டி: 1965, 66 மாடல் ஃபோர்டு மஸ்டாங். 1964 ஏப்ரல் 17 அன்று நியூயார்க் உலகக் கண்காட்சியில் அறிமுகமான வண்டி இது. இந்த இரண்டு மாடல் ஆண்டுகளில் கன்வர்ட்டிபிள் மட்டுமே 1,70,000-க்கு மேல் தயாரானது. உதிரிபாகத்துக்குப் பஞ்சமே இல்லை. 2011-இல் ஃபோர்டின் உரிமத்தோடு முழு பாடியே புதிதாக விற்பனைக்கு வந்துவிட்டது.

என் கட்சி ஒன்றுதான். இந்த வண்டியில் எஞ்சின் கோளாறெல்லாம் சில்லறைச் செலவு; தகடுதான் ஆளைச் சாய்க்கும். வாங்கப் போகிறவர் பானெட்டைத் தூக்கி, வி8 சத்தத்தைக் கேட்டு மயங்கிவிடுவார். விற்பவருக்கும் அது தெரியும். நீங்கள் முதலில் தரையில் படுத்து அடியில் பாருங்கள். அதனால் இங்கேயும் பாடிக் கோளாறுகள் முதலில், மற்றவை அப்புறம்.

வண்டி எண்ணும் வண்டியும் ஒத்துப்போகவில்லை

பானெட்டைத் தூக்கினால் ஓட்டுநர் பக்கம், அதாவது இடது பக்கம், மட்கார்டை ஒட்டிய உள் தகட்டின் மேல்விளிம்பில் எண் குத்தியிருக்கும். டியர்பார்னில் ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகத்தில் நிற்கும் வெள்ளை கன்வர்ட்டிபிளின் எண்ணையே எடுத்துக்கொள்வோம்: 5 எஃப் 08 எஃப் 100001. முதல் 5 என்றால் 1965 மாடல். எஃப் என்பது டியர்பார்ன் தொழிற்சாலை. ஆர் என்றால் சான் ஹோசே, டி என்றால் மெட்டச்சன். அடுத்த 08-தான் நமக்கு முக்கியம், அது கன்வர்ட்டிபிள். 07 கூப்பே, அதாவது நிலையான கூரை உள்ளது. 09 ஃபாஸ்ட்பேக், கூரை பின்னால் சரிந்து இறங்குவது. அதற்கடுத்த எழுத்து எஞ்சின். இந்த வண்டியில் எஃப், அதாவது தொடக்க காலத்து 260 கன அங்குல வி8. நீங்கள் பார்க்கப் போகும் வண்டிகளில் பெரும்பாலும் சி (289, இரண்டு பேரல் கார்புரேட்டர்), ஏ (289, நான்கு பேரல்) அல்லது டி (200 கன அங்குல ஆறு சிலிண்டர்) இருக்கும். கே என்று இருந்தால் 271 குதிரைத்திறன் எஞ்சின். விலை வேறு உலகம், போலியும் அங்கேதான் அதிகம்.

கதவில் ரிவெட் அடித்த தகட்டில் பாடி எண் 76 என்று தொடங்கினால் கன்வர்ட்டிபிள். ஆனால் அந்தத் தகட்டைப் புதிதாக அச்சடித்துத் தருகிறார்கள், கதவையும் மாற்றியிருக்கலாம். ஆகவே உள் தகட்டில் குத்திய எண்ணையே நம்புங்கள். அதில் 07 என்று இருந்து, நேரில் மடக்கு டாப்போடு வண்டி நின்றால், யாரோ கூப்பேயின் கூரையை வெட்டியிருக்கிறார்கள். பேரம் பேச வேண்டாம், நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

இன்னொரு எளிய சோதனை: வீலுக்கு எத்தனை நட்டு? ஆறு சிலிண்டர் வண்டிக்கு நான்கு, வி8-க்கு ஐந்து. எஞ்சின் வி8, வீலில் நான்கு நட்டு என்றால் எஞ்சினை மட்டும் மாற்றிவிட்டு, பிரேக்கையும் பின் ஆக்சிலையும் பழையபடியே விட்டிருக்கிறார்கள் என்று பொருள்.

கதவு மூடும்போது பின்தகட்டில் இடிக்கிறது

கூரை இல்லாத வண்டியில் கூரை சுமக்க வேண்டிய பாரத்தையும் தரைதான் சுமக்கிறது. அதனால்தான் ஃபோர்டு இந்த வண்டிக்கு மட்டும் கதவுக்குக் கீழே ஓடும் ராக்கரின் உட்புறத்தைத் தடித்த தகட்டில் செய்தது, முன் சட்டத்தையும் ராக்கரையும் இணைக்கும் டார்க் பாக்ஸை இரண்டு பக்கமும் வைத்தது, சீட்டுக்கு அடியிலும் கூடுதல் தகடு போட்டது. இவை துருப்பிடித்தால் வண்டி நடுவில் தொய்கிறது. தொய்ந்தால் கதவு வாயின் மேல்பகுதி நெருங்கிவரும்.

கதவை மெதுவாக மூடி, கதவின் பின்விளிம்புக்கும் பின்தகட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியை மேலிருந்து கீழ்வரை பாருங்கள். ஒரே அளவாக இருந்தால் நல்லது. மேலே விரல் நகம்கூட நுழையாமல், கீழே விரலே நுழைந்தால் வண்டி தொய்ந்திருக்கிறது. ஆனால் உடனே முடிவுக்கு வந்துவிட வேண்டாம், கீலும் தேய்ந்திருக்கலாம். கதவைத் திறந்து அதன் நுனியை இரு கையாலும் மேலே தூக்குங்கள். லொடலொடவென்று ஆடினால் கீல் பின்னும் புஷ்ஷும் மாற்றினால் தீரும், அது ஒரு மதிய வேலை. கதவு ஆடவில்லை, இடைவெளி மட்டும் கோணல் என்றால் அடுத்த சோதனை: முன்பக்கச் சட்டத்துக்குக் கீழே ஜாக்கி வைத்து ஒரு பக்கத்தை மெல்லத் தூக்கிக்கொண்டே, அந்தப் பக்கக் கதவின் இடைவெளியை இன்னொருவரைக் கவனிக்கச் சொல்லுங்கள். சிறிது அசைவது இயல்பு. கண் முன்னாலேயே இடைவெளி மூடிக்கொண்டு கதவு திறக்க மறுத்தால், ராக்கரும் டார்க் பாக்ஸும் பேருக்குத்தான் இருக்கின்றன.

டார்க் பாக்ஸை எப்படிப் பார்ப்பது? முன்வீலுக்குப் பின்னால், தரை தொடங்கும் மூலையில் ஒரு பெட்டி போல இருக்கும். ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் தட்டுங்கள். நல்ல தகடு கணீரென்று கேட்கும். ஓட்டையை மறைக்கப் பூசிய பட்டியும் (புட்டி), அடியில் பூசிய தாரும் தொப்பென்று கேட்கும். அடிப்பக்கம் முழுக்கப் புதிதாகக் கறுப்புப் பூச்சு அடித்து வைத்திருக்கும் வண்டியில் எனக்குச் சந்தேகம் இரட்டிப்பாகும். காந்தம் ஒன்று கொண்டுபோங்கள், பட்டி இருக்கும் இடத்தில் ஒட்டாது. மிச்சிகன், ஒஹாயோ போல உறைபனிக்குச் சாலையில் உப்பு கொட்டும் மாநிலங்களில் ஓடிய வண்டியென்றால் இந்தச் சோதனையைத் தவறவே விடாதீர்கள். அரிசோனா, கலிஃபோர்னியா வண்டிகளில் தகடு பெரும்பாலும் பிழைத்திருக்கும். அங்கே வெயில் தின்பது ரப்பரையும் சீட்டையும் டேஷ்போர்டையும். அவை கடையில் கிடைப்பவை.

சரி, வாங்கியாயிற்று, துருவும் இருக்கிறது. வெட்டுவதற்கு முன்னால் கதவு வாயில் குறுக்கும் நெடுக்குமாக இரும்புக் குழாய் வைத்து வெல்டு செய்து பாடியை அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். அதற்கும் முன்னால் கதவு இடைவெளியைச் சரிசெய்துகொள்ள வேண்டும். கோணலாக இருக்கும்போதே குழாய் அடித்தால் அந்தக் கோணலைத்தான் நிரந்தரமாக்குகிறீர்கள். ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும். ஒரு பக்கத்தை வெட்டி, புதுத் தகடு வைத்து, வெல்டு முடித்து, கதவை மாட்டிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த பக்கம். உதிரிபாகம் வாங்கும்போது கன்வர்ட்டிபிளுக்கு உரிய உள் ராக்கரையே கேட்டு வாங்குங்கள். கூப்பேயின் தகடு விலை குறைவு, பார்வைக்கு ஏறக்குறைய பொருந்தவும் செய்யும். அந்தச் சிக்கனத்தைக் கதவு நாளைக்குக் காட்டிக்கொடுக்கும்.

மழைக்குப் பிறகு கால் வைக்கும் இடம் நனைந்திருக்கிறது

கன்வர்ட்டிபிள் என்றதும் எல்லோரும் டாப்பைத்தான் குறை சொல்வார்கள். இந்த வண்டியில் முதல் குற்றவாளி பெரும்பாலும் அதுவல்ல. முன்கண்ணாடிக்கும் பானெட்டுக்கும் நடுவே துளைகள் உள்ள ஒரு பட்டை இருக்கிறதே, கௌல் என்பது அதுதான். மழைநீர் அந்தத் துளை வழியாக உள்ளே விழுந்து, இரு ஓரமாக ஓடி, மட்கார்டுக்குப் பின்னால் இறங்கிவிட வேண்டும். அந்தக் குழிக்குள்ளேயே காற்று உள்ளே வருவதற்காகப் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு குழாய்வாய்கள் எழும்பி நிற்கும். மரத்தடியில் நிறுத்திய வண்டியில் இலையும் சருகும் உள்ளே விழுந்து, மக்கி, ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு, அந்தக் குழாய்வாய்களின் அடியை அரித்துவிடும். பிறகு தண்ணீர் நேராக உங்கள் காலடிக்கு வரும்.

சோதனைக்கு இரண்டு பேர் வேண்டும். கார்பெட்டைச் சுருட்டிவிட்டு ஒருவர் டார்ச்சோடு டேஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து படுக்க, மற்றவர் கௌலின் ஓர் ஓரத்தில் மட்டும் மெதுவாகத் தண்ணீர் விட வேண்டும். முழுவேகத்தில் குழாயைத் திறந்துவிட்டால் எங்கிருந்து வருகிறது என்றே தெரியாது. ஓட்டுநர் பக்கம் ஒழுகினால் கண்ணுக்குத் தெரியும்: காற்றுவாயின் வட்டத்தைச் சுற்றித் துளித்துளியாகக் கோத்து, வயர் கட்டின் மேல் இறங்கி, பெடலுக்கு மேலே சொட்டும். பயணி பக்கம் ஹீட்டர் பெட்டி மறைத்துக்கொள்ளும். பெட்டியின் அடியிலிருந்து தண்ணீர் சொட்டினால், பெட்டியைக் கழற்றிவிட்டு மறுபடி ஊற்றிப் பார்ப்பதே சரி. வெளியேயும் ஒரு கண் வையுங்கள்: ஊற்றிய தண்ணீர் முன்வீலுக்குப் பின்னால் வந்து விழ வேண்டும். விழவில்லையென்றால் ஓரம் அடைத்திருக்கிறது.

பயணி பக்கம் மட்டும் ஈரம், மழையும் இல்லை என்றால் விரலால் தொட்டு மோந்து பாருங்கள். பிசுபிசுப்பாக, இனிப்பு வாடையோடு இருந்தால் அது கூலன்ட், எஞ்சினைக் குளிர்விக்கும் நீர்மம். ஹீட்டர் கோர், அதாவது ஹீட்டர் பெட்டிக்குள் இருக்கும் சின்ன ரேடியேட்டர், ஓட்டை. கண்ணாடியின் உட்புறம் எண்ணெய்ப் படலம் போல மங்குவதும் அதற்கே அடையாளம்.

கௌலுக்கு வைத்தியம் இரண்டு வகை. குழாய்வாயின் மேல் பிளாஸ்டிக் மூடியைப் பசை போட்டு ஒட்டி அடைப்பது ஒன்று. வண்டியை மழையில் எடுக்காதவருக்கு அது போதும், நான் கிண்டல் செய்ய மாட்டேன். முறையான வேலை என்றால் பானெட்டையும் மட்கார்டுகளையும் கழற்றி, மேல்தகட்டைப் பிடித்திருக்கும் ஸ்பாட் வெல்டுகளை ஒவ்வொன்றாகத் துளைத்தெடுத்து, தகட்டைத் தூக்கி, உள்ளே புதுத் தகடு வைத்து, மறுபடி வெல்டு செய்ய வேண்டும். பாகத்தின் விலை கொஞ்சம்தான், கூலிதான் கொல்லும். பெயின்ட் அடித்து முடித்த பிறகு இதைக் கண்டுபிடிப்பதைப் போல வயிற்றெரிச்சல் வேறில்லை. ஆகவே பெயின்டருக்கு முன்பணம் கொடுக்கும் முன் தண்ணீர் சோதனை. புதுக் கார்பெட் போட்டு விற்பனைக்கு நிற்கும் வண்டியில், விற்பவரிடம் அனுமதி கேட்டு ஒரு மூலையையாவது தூக்கிப் பாருங்கள். தூக்க விடவில்லை என்றால் அதுவே பதில்.

பல ஆண்டு நின்ற வண்டி, ஸ்டார்ட் செய்ய ஆசையாக இருக்கிறது

வண்டி அறிமுகமாவதற்கு 2 நாள் முன்பே, 1964 ஏப்ரல் 15 அன்று, சிகாகோவில் ஓர் இளம் ஆசிரியை நீல நிற மஸ்டாங் கன்வர்ட்டிபிள் ஒன்றை வாங்கிவிட்டார். முதலில் விற்ற மஸ்டாங் அதுதான் என்று சொல்லப்படுகிறது. 1979-இல் ஓட்டமின்றி கராஜுக்குள் போன அந்த வண்டி 27 ஆண்டு அங்கேயே கிடந்தது. பிறகு கணவர் அதைச் சீர்செய்து ஓட்டமாக்கினார். ஆக, நின்ற வண்டி செத்த வண்டி அல்ல. ஆனால் பேட்டரியை மாட்டிச் சாவியைத் திருப்பிக் கொல்ல முடியும்.

ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் கொஞ்சம் எண்ணெய் விட்டு, ஒரு நாள் ஊறவிடுங்கள். அப்புறம் கிராங்க் போல்ட்டில் ஸ்பேனர் மாட்டிக் கையால் சுற்றுங்கள். சுற்றினால் பாதி வெற்றி. டேங்க் பெட்ரோலை முழுதாக வடித்துவிடுங்கள். பழைய பெட்ரோல் வார்னிஷ் வாடை அடிக்கும், கார்புரேட்டருக்குள் போனால் பிசினாக ஒட்டிக்கொள்ளும். எஞ்சின் எண்ணெயின் அளவு பார்க்கும் கம்பியை எடுத்து மோந்து பாருங்கள். அளவு கூடியிருந்து பெட்ரோல் வாடையும் அடித்தால், பெட்ரோல் பம்ப்பின் டயாஃப்ரம் கிழிந்து எஞ்சினுக்குள் கசிந்திருக்கும் வாய்ப்பு அதிகம். பம்ப்பும் எண்ணெயும் மாறாமல் ஸ்டார்ட் செய்யவே கூடாது.

சாவியைத் திருப்பினால் ஓடுகிறது, விட்டதும் அணைகிறது

இந்த அறிகுறி இவ்வளவு துல்லியமாக இருந்தால் கார்புரேட்டரைத் தொடாதீர்கள். செல்ஃப் சுற்றும்போது பேட்டரிக்குப் பக்கத்தில் இருக்கும் ஸ்டார்ட்டர் ரிலே, பிளக்குக்குத் தீப்பொறி தரும் இக்னிஷன் காயிலுக்கு நேரடியாக முழு வோல்ட்டேஜ் கொடுக்கும். சாவியை விட்டதும் அந்த வழி மூடி, இக்னிஷன் சுவிட்சிலிருந்து வரும் இளஞ்சிவப்பு வயர் வழியாக மின்சாரம் வரும். பார்ப்பதற்குச் சாதாரண வயர் போல இருந்தாலும் அது ரெசிஸ்டன்ஸ் வயர். பாயிண்ட், அதாவது காயிலின் மின்சாரத்தைத் திறந்து மூடும் தொடுமுனை, கருகாமல் இருக்க வோல்ட்டேஜைக் குறைத்துத் தருவது அதன் வேலை. டேஷ்போர்டுக்கு அடியில் அறுபது ஆண்டாகச் சூடாகிச் சூடாகி அது எங்காவது அறுந்துபோகும், அல்லது இணைப்பு கருகியிருக்கும்.

சாவியை ஆன் நிலையில் வைத்து, காயிலின் பிளஸ் முனையில் மீட்டர் வையுங்கள். பாயிண்ட் மூடியிருந்தால் 6, 7 வோல்ட் அளவில் காட்ட வேண்டும். திறந்திருந்தால் பேட்டரி வோல்ட்டேஜ் முழுதாக. எப்படியும் பூஜ்யம் என்றால் வயரோ சுவிட்சோ போய்விட்டது. உறுதிப்படுத்த, பேட்டரி பிளஸிலிருந்து காயில் பிளஸுக்குத் தற்காலிகமாக ஒரு வயர் கொடுத்து ஸ்டார்ட் செய்யுங்கள். எஞ்சின் நின்று ஓடினால் நோய் தெரிந்துவிட்டது. அந்த வயரை அப்படியே விட்டுவிட்டு ஊர் சுற்றக் கிளம்பினால் பாயிண்ட்டும் காயிலும் கருகும்.

இதற்கு நேர்மாறான வழக்கும் உண்டு: பாயிண்ட் மாற்றி மாற்றி அலுத்துவிட்டது, சீக்கிரமே கருகிவிடுகிறது என்பார்கள். முன்பு இருந்தவர் எலக்ட்ரானிக் இக்னிஷன் மாட்டுவதற்காக இளஞ்சிவப்பு வயரை ஒதுக்கிவிட்டு 12 வோல்ட்டை நேரடியாகக் கொடுத்திருப்பார். அடுத்து வந்தவர் அசல் வேண்டும் என்று பாயிண்ட்டுக்குத் திரும்பியிருப்பார், வயரைத் திருப்பியிருக்க மாட்டார். பாயிண்ட் இடைவெளி 289-க்கு 0.017 அங்குலம், ஆறு சிலிண்டருக்கு 0.025. வி8-இன் எரி வரிசை 1-5-4-2-6-3-7-8, முதல் சிலிண்டர் பயணி பக்கம் முன்னால்.

செல்ஃபே எடுக்கவில்லை

லைட் பிரகாசமாக எரிகிறது, சாவியைத் திருப்பினால் ஒரு சத்தமும் இல்லை: ஆட்டோமேட்டிக் என்றால் கியர் நெம்பை நியூட்ரலில் வைத்து ஆட்டிப் பாருங்கள், நியூட்ரல் சுவிட்ச் நகர்ந்திருக்கும். டிக் டிக் என்று மட்டும் கேட்கிறது: பேட்டரி முனை, அப்புறம் எர்த். மீட்டரின் கறுப்பு முனையைப் பேட்டரி மைனஸிலும் சிவப்பை எஞ்சின் இரும்பிலும் வைத்து, ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் வயர் சரியில்லை. பெயின்ட் அடித்து வந்த வண்டிகளில் இது சர்வ சாதாரணம், எர்த் மாட்டும் இடத்திலும் பெயின்ட் அடித்திருப்பார்கள்.

பிரேக் மிதி மெல்லக் கீழே இறங்குகிறது

ஓட்டிப் பார்க்கப் போகும் முன்பே இதைப் பார்த்துவிட வேண்டும். 66 வரை வந்த மஸ்டாங்கில் மாஸ்டர் சிலிண்டர், அதாவது மிதியை அழுத்தும்போது பிரேக் ஆயிலை வீல்களுக்குத் தள்ளும் பாகம், ஒற்றை அறை. நான்கு வீலுக்கும் ஒரே வழி. எங்காவது ஒரு குழாய் வெடித்தால் நான்கும் போய்விடும், கைபிரேக் மட்டும் மிச்சம். இரட்டை அறை 67 மாடலில்தான் வந்தது.

எஞ்சினை நிறுத்தி, மிதியை ஒரே அழுத்தத்தில் அரை நிமிடம் பிடியுங்கள். இறங்கிக்கொண்டே போனால் வீல்களின் உட்பக்கம் ஈரமா என்று பாருங்கள். மிதிக்கு மேலே, தடுப்புத் தகட்டின் உட்புறத்தில் விரலால் தடவியும் பாருங்கள். எங்கும் ஈரம் இல்லையென்றால் மாஸ்டர் சிலிண்டரின் உள் ரப்பர் தேய்ந்திருக்கிறது. மிதி பஞ்சு போல அமுங்கி, இரண்டு மூன்று தடவை அடித்தால் மேலே வந்தால் உள்ளே காற்று. ஏர் எடுக்க வேண்டும். பிரேக் பிடித்துவிட்டு எடுத்த பிறகும் ஒரு பக்கம் இழுக்கிறது, அந்த வீல் சூடாகிறது என்றால் ரப்பர் ஹோஸ் உள்ளுக்குள் வீங்கிப் பிரேக் ஆயிலைத் திரும்ப விடாமல் பிடித்து வைத்திருக்கிறது. வெளியே பார்க்கப் புத்தம்புதிதாகத் தெரியும். மூன்று ஹோஸையும் சேர்த்தே மாற்றுங்கள்.

அசல் அசல் என்று உயிரை விடுபவர்கள்கூட இந்த ஒன்றில் விட்டுக்கொடுக்கலாம் என்பது என் கருத்து. இரட்டை அறை மாஸ்டர் சிலிண்டரும் அதற்கான குழாயும் ஒரு தொகுப்பாகவே கிடைக்கின்றன. கண்காட்சிப் போட்டிக்கு வைக்கும் வண்டி என்றால் பழையதைப் பெட்டியில் கட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

டிக்கியில் பெட்ரோல் வாடை

இந்த வண்டியில் பெட்ரோல் டேங்க்கின் மேல்தகடுதான் டிக்கியின் தரை. தனியாகத் தடுப்பு எதுவும் கிடையாது. டேங்க் நிரப்பியதும் மட்டும் வாடை வந்தால் நிரப்பும் கழுத்துக்கும் டேங்க்குக்கும் நடுவே உள்ள ரப்பர் வெடித்திருக்கிறது. பாதி டேங்க்கிலும் வந்தால் டேங்க்கின் அளவை மீட்டருக்குச் சொல்லும் அனுப்பியின் வளையத்தையும் அதை ஒட்டிய ஹோஸையும் பாருங்கள். டாப் மூடியிருக்கும்போது அந்த வாடை பின்சீட்டுக்கு வந்துவிடும். தள்ளிப்போடக் கூடாத வேலை.

சூடு ஏறுகிறது

எப்போது ஏறுகிறது என்பதே பாதி விடை. சிக்னலில் நிற்கும்போது ஏறி, ஓடினால் இறங்குகிறது: காற்று போதவில்லை, ஃபேன், பெல்ட், டைமிங் பாருங்கள். நெடுஞ்சாலையில்தான் ஏறுகிறது: தண்ணீர் ஓட்டம் போதவில்லை, ரேடியேட்டர் அடைப்பு, அல்லது கீழ் ஹோஸ் உறிஞ்சலில் ஒட்டிக்கொள்கிறது. முள் மட்டும் ஏறி ரேடியேட்டர் கொதிக்கவில்லை என்றால் கீழே மீட்டர் பகுதிக்கு வாருங்கள்.

ஆட்டோமேட்டிக் வண்டி மந்தமாக எழும்புகிறது. அல்லது வெள்ளைப் புகை

சி4 என்ற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் இந்த ஆண்டுகளுக்கே உரிய ஒரு வேடிக்கை. நெம்பில் டிரைவ் என்ற எழுத்துக்குப் பதில் இரண்டு புள்ளிகள் இருக்கும். பெரிய பச்சைப் புள்ளியில் வைத்தால் முதல் கியரிலிருந்து தொடங்கும். சின்னப் புள்ளியில் வைத்தால் வழுக்குச் சாலைக்காக இரண்டாம் கியரிலேயே தொடங்கும். புதிதாக வாங்கியவர்கள் சின்னப் புள்ளியில் வைத்து ஓட்டிவிட்டு, இழுவை இல்லை, கியர்பாக்ஸ் போய்விட்டது என்று வருவார்கள். விற்பவருக்கே தெரியாமல் இருந்து விலை குறைந்தால் உங்கள் அதிர்ஷ்டம்.

வெள்ளைப் புகையும், கீழே ஒரு சொட்டுகூடச் சிந்தாமல் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் ஆயில் குறைவதும் ஒன்றாக வந்தால் ஹெட் கேஸ்கெட் என்று பயப்படுவதற்கு முன் கியர்பாக்ஸின் பின்பகுதியில் இருக்கும், எஞ்சினின் உறிஞ்சலைக் கொண்டு கியர் மாற்றத்தைக் கட்டுப்படுத்தும் வேக்கம் மாடுலேட்டரின் ஹோஸைப் பிடுங்கிப் பாருங்கள். உள்ளே சிவப்பு ஆயில் இருந்தால் டயாஃப்ரம் கிழிந்து, எஞ்சின் அந்த ஆயிலைக் குடித்துக்கொண்டிருக்கிறது. சின்ன பாகம்தான், மாற்றிவிட்டு டைப் எஃப் ஆயில் ஊற்றி அளவு பாருங்கள்.

மீட்டர் முள்கள் பொய் சொல்கின்றன, ஹெட்லைட் அணைந்து அணைந்து வருகிறது

பெட்ரோல் முள்ளும் சூட்டு முள்ளும் ஒருசேரத் தவறினால் இரண்டு மீட்டரும் ஒரே நாளில் கெட்டுப்போகவில்லை. மீட்டர் பலகைக்குப் பின்னால் 12 வோல்ட்டைத் துடிப்பாக வெட்டிச் சராசரி 5 வோல்ட்டாகத் தரும் சின்ன ரெகுலேட்டர் ஒன்று இருக்கிறது, அதைப் பாருங்கள். இரண்டும் படுத்திருந்தால் அது செத்திருக்கும். இரண்டும் எகிறினால் அது ஒட்டிக்கொண்டிருக்கும், அல்லது அதன் எர்த் விட்டிருக்கும். சோதிக்கிறேன் என்று மீட்டருக்கு 12 வோல்ட்டை நேரே கொடுத்துவிடாதீர்கள், உள்ளே இருக்கும் சுருள் எரிந்துவிடும். ஒரு முள் மட்டும் தவறினால் அதன் அனுப்பியை மாற்றினால் போதும்.

ஹெட்லைட் சிறிது நேரம் எரிந்து, அணைந்து, தானாகத் திரும்ப எரிந்தால் லைட் சுவிட்சுக்குள்ளேயே இருக்கும் பிரேக்கர் சூடாகித் துண்டிக்கிறது. அதிக வாட் பல்ப் போட்டிருக்கிறார்களா பாருங்கள். பல்ப்புக்குத் தனி ரிலே வைத்தால் சுவிட்ச் தப்பிக்கும்.

டாப் ஏறவில்லை

கையால் மடக்கும் டாப்தான் சாதாரணமாக வந்தது, மோட்டார் டாப் கூடுதல் விலைக்கு. மோட்டார் உள்ள வண்டியில் பின்சீட்டுக்குப் பின்னால் மின்மோட்டாரோடு கூடிய பம்ப்பும், இரு பக்கமும் ஒவ்வொரு சிலிண்டரும் இருக்கும். சுவிட்சை அழுத்தினால் சத்தமே இல்லை: பிரேக்கர், சுவிட்ச், எர்த் என்ற வரிசையில் போங்கள். மோட்டார் சுற்றுகிறது, டாப் அசையவில்லை: ஆயில் இல்லை. நிரப்புவதற்கு முன் எங்கே போனது என்று தேடுங்கள். பின்சீட்டின் ஓரத் தகடுகளைக் கழற்றினால் சிலிண்டர் தண்டின் அடியில் ஈரம் தெரியும். பம்ப்பில் என்ன ஆயில் இருக்கிறது என்பதையும் பாருங்கள். யாராவது பிரேக் ஆயில் ஊற்றியிருந்தால் கசியும் இடத்தில் பெயின்ட் உரியும். அதன் மேலேயே ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலைக் கலக்காமல் முழுதாகக் கழுவிவிட்டு நிரப்புங்கள்.

ஒரு பக்கம் முந்தி, மறுபக்கம் பிந்தி, சட்டம் முறுக்கிக்கொண்டு எழுந்தால் உடனே சுவிட்சை விடுங்கள். சிலிண்டர் இரண்டையும் சட்டத்திலிருந்து கழற்றி, கையால் டாப்பை ஏற்றி இறக்குங்கள். கையிலேயே இறுகினால் மூட்டுகளில் குற்றம். லேசாகப் போனால் சிலிண்டரில் காற்று, அல்லது ஒரு சிலிண்டர் போய்விட்டது.

ஏறிய டாப் முன்கண்ணாடிச் சட்டத்தைத் தொட மறுத்து இரண்டு விரற்கடை தூரத்தில் நின்றால், புதுத் துணியாக இருந்தால் நல்ல வெயிலில் நிறுத்திச் சூடாகவிட்டுக் கொக்கியை மாட்டிப் பாருங்கள், அது மெல்ல இளகும். பழைய துணி என்றால் கதவு இடைவெளிக்குத் திரும்பிப் போங்கள்: நடுவில் தொய்ந்த வண்டியில் டாப்பின் அளவும் பொருந்தாது, எத்தனை புது டாப் வாங்கினாலும் தையல்காரருக்குத்தான் லாபம். பிளாஸ்டிக் பின்கண்ணாடி உள்ள டாப்பை மடக்கும் முன் ஜிப்பைத் திறந்து கண்ணாடியைப் படுக்கவையுங்கள். ஈரமாக மடக்கவே வேண்டாம். இரண்டே நாளில் பூஞ்சை பிடிக்கும், மடிப்பு விழும் குழியில் தேங்கும் தண்ணீர் நேராகத் தகட்டுக்குப் போகும்.